18 வயசு ஆகாத பையன் கஞ்சாவோட மாட்டிக்கிட்டா: வீட்ல இருக்கறவங்க கேக்கற கேள்விகள்

ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க சீனியருக்கு வர்ற போன்ல நிறைய இப்படித்தான் ஆரம்பிக்கும்: "சார், பையனை ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க, பாக்கெட்ல ஏதோ பொட்டலம் இருந்துச்சாம்." நான் வக்கீல் இல்ல, வக்கீல் குமாஸ்தா. ஃபைலைத் தூக்கிட்டு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு, அதாவது 18 முடியாதவங்க கேஸை விசாரிக்கற இடத்துக்கு, அலையறவன். அங்க வராண்டாவுல நின்னுக்கிட்டு அம்மா அப்பா எல்லாரும் கேக்கற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால எழுதியே வெச்சிடலாம்னு தோணுச்சு. தமிழ்நாட்டு நடைமுறையை வெச்சு எழுதறேன், ஆனா சட்டம் ரெண்டுமே மத்திய சட்டம். ஒண்ணு 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டம், எல்லாரும் என்.டி.பி.எஸ்.னு சொல்றது. இன்னொண்ணு 2015 இளைஞர் நீதிச் சட்டம், ஜே.ஜே. ஆக்ட். பையன்னே எழுதிட்டுப் போறேன், பொண்ணுங்களுக்கும் இதே சட்டம்தான்.

பையன் ஜெயிலுக்குப் போயிடுவானா?

மாட்டான். 18 முடியாத யாரையும் ஜெயில்லயோ போலீஸ் லாக்கப்லயோ வைக்கக் கூடாது, அது எவ்ளோ பெரிய கேஸா இருந்தாலும் சரி. கேஸ் நடக்கும்போது வெளிய விடலன்னா கூர்நோக்கு இல்லத்துல வைப்பாங்க, சென்னைன்னா கெல்லீஸ்ல இருக்கே அது. சினிமால பாக்கற மாதிரி கைவிலங்கு மாட்டறதும் விதிப்படி கூடாது.

கூர்நோக்கு இல்லம்னா ஹாஸ்டல் மாதிரின்னு சிலர் தைரியம் சொல்வாங்க, நான் சொல்ல மாட்டேன். 2022 கடைசியில செங்கல்பட்டு இல்லத்துல 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிபட்டு செத்து, அங்க வேலை பார்த்தவங்களே கைதாகி, அப்புறம்தான் அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வெச்சு ஒரு நபர் குழு போட்டுச்சு. அதனால பையன் உள்ள போற நாளை எவ்ளோ குறைக்க முடியுமோ அவ்ளோ குறைக்கறதுதான் உங்க முதல் வேலை.

போன் வந்ததும் முதல்ல என்ன பண்ணணும்?

பீரோவைத் தொறங்க. பையனோட பத்தாங்கிளாஸ் மார்க்ஷீட், இல்லன்னா ஸ்கூல்ல கொடுத்த பிறந்த தேதி சான்றிதழ், அதுவும் இல்லன்னா மாநகராட்சியோ நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பர்த் சர்டிபிகேட், எது இருக்கோ எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க. சட்டத்துல வரிசையே இதுதான்: ஸ்கூல் சர்டிபிகேட் முதல்ல, அது இல்லன்னாதான் பர்த் சர்டிபிகேட், ரெண்டும் இல்லன்னாதான் எலும்பு டெஸ்ட். ஆதார் அந்த வரிசையிலயே கிடையாது, ஆனா எல்லாரும் ஆதார் ஜெராக்ஸைத்தான் தூக்கிட்டு ஓடறாங்க.

ஒரு அம்மாவை மறக்கவே முடியல. துணிக்கடை கட்டைப்பைக்குள்ள சாப்பாட்டு டப்பா, பையனோட சட்டை, அடியில லேமினேட் பண்ண மார்க்ஷீட். மூணு நாளா அதைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்காங்க, ஒருத்தரும் "அதைக் காட்டும்மா"ன்னு கேக்கல. பையன் பயத்துல ஸ்டேஷன்ல 19னு சொல்லியிருக்கான். அதை அப்படியே எழுதி, பெரியவங்க கேஸா சாதாரண மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தி ரிமாண்ட் பண்ணிட்டாங்க. அந்த மார்க்ஷீட்டை கோர்ட்ல காட்டினப்புறம்தான் கேஸ் குழுமத்துக்கு மாறுச்சு.

ஏற்கெனவே 18க்கு மேலன்னு எழுதிட்டாங்க, இப்ப மாத்த முடியுமா?

முடியும். எந்தக் கோர்ட்லயும், கேஸ் எந்தக் கட்டத்துல இருந்தாலும், தீர்ப்பு முடிஞ்சதுக்கு அப்புறம்கூட கேக்கலாம். சம்பவம் நடந்த அன்னிக்கு என்ன வயசுங்கறதுதான் கணக்கு. பிடிபட்டப்ப 17 வயசு 11 மாசம், குழுமத்துக்கு வர்றப்ப 18 தாண்டிட்டான்னாலும் அவன் சிறுவன்தான்.

பாக்கெட்ல இருந்தது ரொம்பக் கொஞ்சம், அதுக்குமா கேஸ்?

ஆமா, ஒரு சிகரெட்டுக்குள்ள அடைச்சதா இருந்தாலும் கேஸ்தான். ஆனா எடை முக்கியம், கேஸோட தலையெழுத்தே அதுலதான் இருக்கு. கஞ்சான்னா 1 கிலோவுக்குள்ள சின்ன அளவு, 20 கிலோவுக்கு மேல வணிக அளவு, நடுவுல இருக்கறது நடு அளவு. பெரியவங்களுக்குன்னா சின்ன அளவுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 ரூபா வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டும், நடு அளவுக்கு 10 வருஷம் வரைக்கும், வணிக அளவுக்குக் குறைஞ்சதே 10 வருஷம். இழுத்ததுக்கு மட்டும்னா 6 மாசம் வரைக்கும் இல்ல 10,000 வரைக்கும்.

உங்க பையனுக்கு இந்தத் தண்டனை கிடையாது, பதறாதீங்க (16 தாண்டினவன் 20 கிலோவுக்கு மேல மாட்டினா மட்டும் வேற கதை, கீழ சொல்றேன்). ஆனா இந்தக் கணக்கை வெச்சுத்தான் ஜே.ஜே. ஆக்ட்ல அவன் கேஸ் சின்னக் குற்றமா, கடுமையான குற்றமா, கொடிய குற்றமான்னு பிரிப்பாங்க. 1 கிலோவுக்குள்ளன்னா சின்னக் குற்றம், நடு அளவு கடுமையானது, 20 கிலோவுக்கு மேல போனா கொடியது. நான் பாக்கற ஸ்கூல் பசங்க கேஸ் எல்லாம் பொட்டலக் கணக்குதான், முதல் வகையைத் தாண்டாது.

ஒண்ணு கவனிங்க. இது கஞ்சாவுக்கு மட்டும் உள்ள கணக்கு. அதே பாக்கெட்ல எம்.டி.எம்.ஏ.ங்கற ரசாயன போதைப் பொடி இருந்தா அரை கிராம்லயே சின்ன அளவு முடிஞ்சிடும், சரஸ்னா, அதாவது கஞ்சாச் செடியோட பிசின்னா, 100 கிராம். "எல்லாம் ஒரே கருமம்தானே"ன்னு ஸ்டேஷன்ல நீங்களே எதையாவது உளறி வெக்காதீங்க. இன்னொண்ணு, சட்டத்துல கஞ்சான்னா செடியோட பூவும் காயுமா இருக்கற நுனி, அந்த நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் அந்த விளக்கத்துல வராது. அதனால லேப் ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்குன்னு வக்கீல் ஒரு தடவையாவது முழுசாப் படிக்கணும்.

எஃப்.ஐ.ஆர். போடுவாங்களா?

விதிப்படி பாத்தா, கொடிய குற்றமா இருந்தாலோ பெரியவங்களோட சேர்ந்து பண்ணதா இருந்தாலோதான் சிறுவன் மேல எஃப்.ஐ.ஆர். மத்ததுக்கெல்லாம் ஸ்டேஷன் பொது டைரில எழுதிட்டு, பையனோட சமூகப் பின்னணி அறிக்கையைத் தயார் பண்ணிக் குழுமத்துக்கு அனுப்பணும், அவ்ளோதான். நெஜத்துல என்ன நடக்குதுன்னா, பசங்க தனியா மாட்டறது கம்மி, கூட ஒரு இருபது இருபத்திரெண்டு வயசு அண்ணன் இருப்பான், அதனால எஃப்.ஐ.ஆர். வந்துடும். அப்பக்கூட ரெண்டு பேரையும் ஒண்ணா விசாரிக்க முடியாது, உங்க பையன் கேஸைப் பிரிச்சுக் குழுமத்துக்குத்தான் அனுப்பணும்.

ஸ்டேஷன்ல எவ்ளோ நேரம் வெச்சிருக்கலாம்?

24 மணி நேரத்துக்குள்ள குழுமத்து முன்னாடி கொண்டு போகணும், வழிப் பயண நேரம் அதுல சேராது. பெத்தவங்களுக்குச் சொல்லணும். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும், பையனைக் கையாள வேண்டியது அவர்தான், அதுவும் யூனிஃபார்ம் இல்லாம. "குழந்தைகள் நல அலுவலர் யாருங்க சார்"னு ஒரு கேள்வியை மட்டும் மரியாதையாக் கேட்டுப் பாருங்க, அதுவரைக்கும் இருந்த தொனி கொஞ்சம் இறங்கும்.

ஏதோ பேப்பர்ல கையெழுத்து கேக்கறாங்க, போடட்டுமா?

பையன்கிட்ட வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கவே கூடாதுன்னு விதி இருக்கு. அவன் போலீஸ்கிட்ட "ஆமா சார் என்னுதுதான்"னு சொன்னதை வெச்சு அவனைக் குற்றவாளின்னு முடிவு பண்ணவும் முடியாது. 2020ல தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்குல சுப்ரீம் கோர்ட், போதைப்பொருள் சட்டத்துல விசாரிக்கற அதிகாரிங்க எல்லாருமே போலீஸ் மாதிரிதான், அவங்ககிட்ட கொடுத்த ஒப்புதல் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல இருந்து போன கேஸ்தான் அது.

நீங்க போட வேண்டிய கையெழுத்துன்னா பையனை ஒப்படைக்கறப்ப வாங்கற உறுதிமொழி மாதிரி ஏதாவது இருக்கும், அதைப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. வெள்ளைப் பேப்பர்ல போடாதீங்க. "சும்மா ஃபார்மாலிட்டி"ன்னு சொன்னா இன்னும் நிதானமாப் படிங்க.

கேஸ் இல்லாம பேசி முடிச்சிடலாம்னு நடுவுல ஒருத்தர் சொல்றாரு...

தெரியும், எல்லாத் தெருவுலயும் அப்படி ஒருத்தர் இருக்காரு. பணத்தையும் கொடுத்துட்டு கேஸையும் வாங்கிட்டு வந்தவங்களை நான் எண்ணிக்கையில்லாம பாத்திருக்கேன். லஞ்சம் கொடுக்கறதும் குற்றம்தான். அதுக்கும் மேல, சின்ன அளவு கேஸ்ல குழுமத்துக்குப் போனா பையனுக்கு வர்றது பெரும்பாலும் அறிவுரையும் கவுன்சிலிங்கும், அதுக்கு பயந்துக்கிட்டு நகையை அடகு வெக்கறது எந்த ஊரு கணக்கு?

பெயில் கிடைக்குமா? என்.டி.பி.எஸ்.னா பெயிலே கிடையாதுன்னு சொல்றாங்களே?

அது பெரியவங்களுக்கு, அதுலயும் வணிக அளவு மாதிரி சில வகைக்கு மட்டும். அந்தச் சட்டத்துல 37ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அதைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் கஞ்சான்னாலே பெயில் இல்லன்னு பதிஞ்சு போச்சு. ஜே.ஜே. ஆக்ட் 12ஆவது பிரிவு, வேற எந்தச் சட்டத்துல என்ன சொல்லியிருந்தாலும் சிறுவனை ஜாமீன்ல விடணும்னு ஆரம்பிக்குது. மறுக்கணும்னா மூணே காரணம்தான்: வெளிய விட்டா குற்றவாளிங்க கூட சேருவான், இல்ல அவனுக்கே ஆபத்து, இல்ல நீதியோட நோக்கமே கெட்டுப் போகும். எந்தக் காரணம்னு எழுதியும் வெக்கணும்.

இதுல குடும்பம் கோட்டை விடற இடம் முதல் காரணம். "இவனை உள்ளயே வைங்க சார், அப்பதான் புத்தி வரும்"னு அப்பாவே குழுமத்துல சொல்லிடுவாரு, கோவத்துல. உள்ள உக்காந்திருக்கறவங்க என்ன நினைப்பாங்க, வீட்ல பாத்துக்க ஆள் இல்லன்னுதானே? கோவத்தை வீட்டுக்குப் போய் வெச்சுக்கோங்க. பையனை யார் பாத்துப்பா, யார் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவா, சேர்க்கை சரியில்லன்னா கொஞ்ச நாள் பாட்டி ஊருக்கு அனுப்ப முடியுமா, இதையெல்லாம் யோசிச்சு வெச்சுக்கிட்டுப் போங்க. பையனோட வீட்டு நிலவரத்தை விசாரிச்சு குழுமத்துக்கு ரிப்போர்ட் கொடுக்கற நன்னடத்தை அலுவலர் கேக்கறதும் இதைத்தான்.

ஜாமீன் கொடுத்தும் கண்டிஷனை நிறைவேத்த முடியாம 7 நாள் ஆகிட்டா, கண்டிஷனைத் தளர்த்தறதுக்காக திரும்ப குழுமத்து முன்னாடி கொண்டு வரணும். ஷூரிட்டிக்கு ஆள் இல்லாம மாசக்கணக்கா உள்ள கிடக்கணும்னு அவசியமே இல்ல.

பை அவனோடது இல்ல, ஃப்ரெண்டோடது. அவனுக்குத் தெரியவே தெரியாதுங்கறான்.

கோர்ட் பாஷைல இதுக்கு அறிந்த உடைமைன்னு சொல்வாங்க, அதாவது பொருள் கைல இருந்தா மட்டும் போதாது, என்னன்னு தெரிஞ்சு வெச்சிருந்திருக்கணும். ஆனா என்.டி.பி.எஸ். சட்டம் கொஞ்சம் தலைகீழ், பொருள் அவன்கிட்ட இருந்துச்சுன்னு போலீஸ் நிரூபிச்சிட்டா தெரிஞ்சுதான் வெச்சிருந்தான்னு கோர்ட் எடுத்துக்கும், தெரியாதுன்னு காட்ட வேண்டியது நம்ம வேலை. அதனால எங்க, யார் பைல, யார் வண்டில, பக்கத்துல யார் யார் இருந்தாங்கன்னு பையன்கிட்ட அன்னிக்கே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. பத்து நாள் கழிச்சுக் கேட்டா அவனுக்கே மறந்துடும், இல்ல கதை மாறிடும்.

உடம்பைச் சோதனை போடறதுக்கு முன்னாடி, கெஜட்டட் ஆபீசர் இல்ல மாஜிஸ்ட்ரேட் முன்னாடிதான் சோதனை போடணும்னு கேக்கற உரிமை உனக்கு இருக்குன்னு சொல்லணும், அது என்.டி.பி.எஸ். 50ஆவது பிரிவு. பாக்கெட்ல இருந்து எடுத்தா இது பேசும், பைக்குள்ள இருந்து எடுத்தா பேசாது. எங்க இருந்து எடுத்தாங்கங்கறதைத் தெளிவாக் கேட்டு வைங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

குழுமத்துல என்ன நடக்கும்? கூண்டுல ஏத்துவாங்களா?

கூண்டு கிடையாது. ஒரு மாஜிஸ்ட்ரேட், கூட ரெண்டு சமூக சேவகர், அதுல ஒருத்தராவது பெண். ஒரு ரூம், மேஜை, நாற்காலி. "என்னப்பா படிக்கறே"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. குற்றவாளி, வாரண்ட், தண்டனை மாதிரி வார்த்தைங்களை அங்க பயன்படுத்தவே கூடாதுன்னு சட்டத்துலயே நோக்கம் இருக்கு, பழக்கத்துல நம்ம வக்கீலுங்க வாய்லதான் அது வந்துடும்.

விசாரணையை 4 மாசத்துல முடிக்கணும், தேவைப்பட்டா இன்னும் 2 மாசம். சின்னக் குற்றம்னா அந்த நீட்டிச்ச காலமும் தாண்டிடுச்சுன்னா நடவடிக்கையே முடிவுக்கு வந்துடும், இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, வாய்தா மேல வாய்தா போறப்ப தேதியை எண்ணிக்கிட்டே இருங்க. நீங்க வாய்தாவுக்கு வராம இழுத்தீங்கன்னா அது வேற கதை. பரீட்சை அன்னிக்கு வாய்தா விழுந்தா ஹால் டிக்கெட்டைக் காட்டி முன்னாடியே மனு போடுங்க.

கடைசியில என்ன உத்தரவு போடுவாங்க?

கண்டிச்சு அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். கவுன்சிலிங் போகச் சொல்லலாம். சமூக சேவை பண்ணச் சொல்லலாம், அபராதம் போட்டு உங்களைக் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு 3 வருஷம் வரைக்கும் உங்க பொறுப்புல விடலாம். எல்லாத்துக்கும் மேல போனா சிறப்பு இல்லத்துல, அதாவது கேஸ் முடிஞ்சப்புறம் பசங்களை வைக்கற இல்லத்துல, அதிகபட்சம் 3 வருஷம். இதோட சேத்து ஸ்கூலுக்குப் போகணும், இன்ன இடத்துக்குப் போகக் கூடாது, போதை மறுவாழ்வு சிகிச்சை எடுக்கணும்னும் சொல்லலாம். முதல் தடவை, சின்னப் பொட்டலம், வீடு ஒழுங்கா இருக்குன்னா சிறப்பு இல்லம் வரைக்கும் போறது அபூர்வம். ரெண்டாவது மூணாவது தடவை வந்து நிக்கற பையனுக்கு அதே பேச்சு எடுபடாது, அதையும் சொல்லிடறேன். உத்தரவு சரியில்லன்னா 30 நாளுக்குள்ள குழந்தைகள் நீதிமன்றத்துல அப்பீல்.

20 கிலோவுக்கு மேலன்னா?

அது கொடிய குற்றம். பையனுக்கு 16 தாண்டியிருந்தா, விளைவு தெரிஞ்சு பண்ற மனப்பக்குவம் இருந்துச்சான்னு குழுமம் முதல்ல ஒரு மதிப்பீடு பண்ணும், அதுக்கு அப்புறம் பெரியவங்க மாதிரி விசாரிக்கச் சொல்லி குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 16க்குக் கீழன்னா அந்தப் பேச்சே இல்ல. ஆந்திரா ஒடிசா பக்கம் இருந்து ரயில்ல மூட்டை கொண்டு வரச் சொல்லி பசங்களை அனுப்பறாங்க இல்லியா, அந்த மாதிரி கேஸ்ல இந்தப் பிரச்சினை வரும். அதுக்கு நல்ல வக்கீல் வேணும், இந்தப் பக்கத்தைப் படிச்சா பத்தாது.

அவனுக்கு வித்தவனை ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?

பண்ணலாம், கேக்கறவங்கதான் இல்ல. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுத்தவனுக்கு 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் வரைக்கும் அபராதம். குழந்தையை வெச்சு விக்கறவனுக்கும் கடத்தறவனுக்கும் அதேதான். ஜே.ஜே. ஆக்ட் 77, 78. "உங்க பையனை வெச்சு ஒருத்தன் பொட்டலம் கை மாத்தியிருக்கான்"னா உங்க பையன் பாதிக்கப்பட்டவனும்தான், அந்தக் கோணத்தை வக்கீல்கிட்ட சொல்லி மனுவாப் போடச் சொல்லுங்க. பேரைச் சொன்னா ஏரியால பிரச்சினை வரும்னு பயப்படறதும் எனக்குப் புரியுது, அதனாலதான் எல்லாத்தையும் ஸ்டேஷன் வாசல்ல கத்தாம வக்கீல் மூலமா பண்ணுங்கன்னு சொல்றேன்.

பைக்கையும் பிடிச்சு வெச்சிருக்காங்க.

இங்கதான் வேடிக்கை. லைசென்ஸ் இல்லாத பையன் அப்பா பைக்கை ஓட்டிட்டுப் போய் மாட்டியிருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவுப்படி அப்பாவுக்கு இல்ல வண்டி ஓனருக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் 12 மாசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. பொட்டலத்துக்குப் பையன் வீட்டுக்கு வந்துடுவான், பைக்குக்கு அப்பா உள்ள போவாரு. உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனான்னு காட்ட முடிஞ்சா தப்பிக்கலாம். வண்டியை இடைக்காலமாத் திருப்பிக் கேட்டு மனு போடலாம், வெயில்லயும் மழையிலயும் ஸ்டேஷன் வாசல்ல துருப்பிடிக்க விடாதீங்க.

ஸ்கூலுக்குத் தெரிஞ்சா டி.சி. கொடுத்துடுவாங்களே?

எட்டாவது முடிக்கற வரைக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி வெளிய அனுப்ப முடியாது. அதுக்கு மேல உள்ள கிளாஸ்ல அந்தப் பாதுகாப்பு இல்லங்கறது உண்மை. ஆனா பையனோட பேரு, ஸ்கூலு, அட்ரஸு எதையும் வெளிய விடக் கூடாதுன்னு ஜே.ஜே. ஆக்ட்ல 74ஆவது பிரிவு இருக்கு, மீறினா 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம். தெரு வாட்ஸ்அப் குரூப்ல "நம்ம ஏரியா பையன்"னு போட்டோ போடறவங்களுக்கும் இது பொருந்தும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. நீங்களே போய் ஹெட்மாஸ்டர்கிட்ட அழாதீங்க. அப்படி அழுது, மறுநாளே டி.சி. வாங்கிட்டு வந்த குடும்பம் எனக்குத் தெரியும்.

பின்னாடி கவர்மென்ட் வேலை, பாஸ்போர்ட்?

குழுமத்துல கேஸ் முடிஞ்சா அதனால எந்தத் தகுதி இழப்பும் வரக் கூடாதுன்னு ஜே.ஜே. ஆக்ட் 24ஆவது பிரிவு சொல்லுது. அப்பீல் காலம் முடிஞ்சப்புறம் ரெக்கார்டையே அழிச்சிடணும். 16க்கு மேல உள்ளவங்களைப் பெரியவங்களா விசாரிச்சு முடிச்ச கேஸுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்ல. முடிஞ்ச கேஸைப் பத்தி நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸ் சொல்லக் கூடாது. 2019ல மத்திய தொழில் பாதுகாப்புப் படை எஸ்.ஐ. வேலை சம்பந்தமா வந்த கேஸ்ல, சின்ன வயசுல இருந்த வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.

சிக்கல் எப்பன்னா கேஸ் நடந்துட்டு இருக்கறப்ப. அந்த நேரத்துல பாஸ்போர்ட், வேலைன்னு அப்ளை பண்ணா நிலுவைல கேஸ் இருக்கான்னு ஃபார்ம்ல கேப்பாங்க, இஷ்டத்துக்கு டிக் அடிக்காம வக்கீலைக் கேட்டு எழுதுங்க. வெளிநாட்டு விசாவுக்கு நம்ம 24ஆவது பிரிவு அந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது, அங்க என்ன கேக்கறாங்களோ அதைப் படிச்சுத்தான் பதில் சொல்லணும்.

அவனால நிறுத்த முடியல. சிகிச்சைக்குப் போனா கேஸ் போயிடுமா?

என்.டி.பி.எஸ். 64ஏ பிரிவுல ஒரு வழி இருக்கு. அடிமையானவங்க சின்ன அளவு கேஸ்லயோ இழுத்த கேஸ்லயோ தானா முன்வந்து அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுத்தா வழக்குல இருந்து விலக்கு. சிகிச்சையை முழுசா முடிக்கலன்னா விலக்கைத் திரும்ப எடுத்துடலாம். அங்கீகாரம் உள்ள இடமான்னு பாத்துச் சேருங்க, ரூமைப் பூட்டி அடிக்கற இடத்துல கொண்டு போய் விட்டுடாதீங்க. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல ஆரம்பிக்கலாம், 14446க்கு போன் பண்ணாலும் வழி சொல்வாங்க.

வக்கீலுக்குக் காசு இல்ல.

குழந்தைங்களுக்கு இலவச வக்கீல், வருமானம் எவ்ளோன்னு பாக்க மாட்டாங்க. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் கோர்ட் வளாகத்துலயே இருக்கும், இல்ல 15100. பையனை ஸ்டேஷன்ல அடிக்கறாங்க, 24 மணி நேரம் தாண்டிடுச்சுன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க.

கேஸ் முடிஞ்சிடுச்சு. பேப்பரையெல்லாம் கிழிச்சுப் போட்டுடலாமா?

கடைசி உத்தரவோட சான்றிட்ட நகல் ஒண்ணு வாங்குங்க, காப்பிங் செக்ஷன்ல மனு போட்டா கிடைக்கும். ரெக்கார்டை அழிக்கச் சொல்லி குழுமத்துல ஒரு மனுவும் போட்டு வைங்க, தானா நடக்கணும்னுதான் சட்டம், ஆனா கேட்டாத்தான் நடக்குது. ஸ்டேஷன்ல ஏதாவது ஒரு பழைய நோட்டுல பேர் தங்கிப் போய், நாலு வருஷம் கழிச்சு வேலைக்கு வெரிஃபிகேஷன் வர்றப்ப யாராவது அதைப் புரட்டினா, காட்டறதுக்கு உங்க கைல அந்த நகல் இருக்கணும். மார்க்ஷீட்டோட சேத்து அதே கவர்ல வைங்க.